லொகேஷன் போட மாட்டேன்... ஏன்னு சொல்றேன்

வணக்கம் மக்களே. இன்னைக்கு ட்ரோன் ஷாட் கிடையாது, மியூசிக் கிடையாது. ரூம்ல உக்காந்து பேசத்தான் போறேன். ஃபேன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, நிறுத்தினா என்னால அஞ்சு நிமிஷம் உக்கார முடியாது.

போன வீடியோவுல ஒரு ஊரைக் காட்டினேன், எங்க இருக்குன்னு சொல்லல. அதுக்கு வந்த கமெண்ட்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, லொகேஷன் போடுங்க." ஒருத்தர் கொஞ்சம் கோவமாவே, "நீங்க மட்டும் போய் அனுபவிப்பீங்க, நாங்க போகக்கூடாதா?"னு கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அதுக்குப் பதில் சொல்லணும்னா, ரெண்டு வருஷம் முன்னாடி நான் பண்ணின ஒரு காரியத்தைச் சொல்லியாகணும்.

ரொம்ப நாளா பாக்குறவங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மலை மேல பாறைக்கு நடுவுல ஒரு சுனை. வண்டி போகாது, ஒன்றரை மணி நேரம் ஏறி நடக்கணும். அடிவாரத்துல இருபது வீடு இருக்கிற ஊர். அதுல ஒரு வீட்ல ஒரு ரூம் வாடகைக்குக் குடுப்பாங்க, நான் அங்கதான் ரெண்டு ராத்திரி தங்கினேன். வீடியோ போட்டேன். கூடவே மேப் லிங்க்கும் போட்டேன். அதுவரைக்கும் என் சேனல்ல எதுவுமே அந்த ஓட்டம் ஓடினதில்ல. எனக்குத் தலைகால் புரியல.

எட்டு மாசம் கழிச்சு மறுபடி போனேன். ஒத்தையடிப் பாதையா இருந்தது இப்ப லாரி போற அகலம் இருக்கு. மண்ணெல்லாம் மிதிபட்டு, மழையில கரைஞ்சு போய், மரத்தோட வேர் எலும்பு மாதிரி வெளிய துருத்திட்டு நிக்குது. பாறை இடுக்கு பூரா ஷாம்பு பாக்கெட், ஈர டிஷ்யூ. சரி, அதையாவது பொறுக்கிடலாம். எனக்கு ரூம் குடுத்த பெரியவர் என்னைப் பாத்துட்டுத் திட்டுவார்னு நெனச்சேன். திட்டல. வாங்கன்னு கூட்டிட்டுப் போய், சுனை ஓரத்துல கிடந்த ஒரு கருப்பு ஹோஸைக் காட்டினார். அவ்ளோதான், வேற எதுவும் பேசல. அந்த ஹோஸ் வழியா எறங்குற தண்ணிதான் கீழ இருபது வீட்டுக்கும் குடிதண்ணி. அந்தச் சுனைக்குள்ளதான் சுத்திப் பாக்க வந்தவங்க எல்லாரும் சோப்பு போட்டுக் குளிச்சிட்டு இருந்தாங்க.

வீட்டுக்கு வந்து என் வீடியோவை நானே ஓட்டிப் பாத்தேன். 2 நிமிஷம் 14-வது செகண்டு. ஃப்ரேமோட இடது மூலையில ஹோஸ் இருக்கு. நான் அதைத் தாண்டித்தான் நடந்து போறேன். அடுத்த ஷாட்ல ஹோஸ் இல்ல. ஏன் இல்ல? பாக்க நல்லா இல்லன்னு கேமராவை நான்தான் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி வெச்சிருக்கேன்.

இவ்ளோ கூட்டம் வந்ததே, ஊருக்கு ஏதாவது வருமானம் வந்துச்சான்னு கேட்டேன். ஒரு பைசா இல்ல. வேன் வெளிய இருந்து வருது, கைடு வேன்லயே வர்றார், சாப்பாடும் வேன்லயே வருது, சாயங்காலம் மொத்தமா வேன்ல ஏறிப் போயிடறாங்க. ஊர்ல ராத்திரி தங்குறது குப்பை மட்டும்தான். அந்த வீடியோவை அன்னைக்கே எடுத்துட்டேன். ஆனா மேப்ல ஏறினது எறங்குமா என்ன?

இதோட பெரிய சைஸ் கதை தாய்லாந்துல இருக்கு. மாயா பேன்னு ஒரு சின்ன வளைகுடா, ஃபி ஃபி தீவுக்கூட்டத்துல. ஒரு ஹாலிவுட் படம் அங்க எடுத்தாங்க, படம் 2000-ல வந்துச்சு, அதுக்கப்புறம் உலகமே அங்க போய் எறங்கிடுச்சு. நாளைக்கு 5,000 பேர் வரைக்கும் வந்திருக்காங்க. படகோட நங்கூரம் விழுந்து விழுந்தே பவளப்பாறை நொறுங்கிப் போச்சு. 2018 ஜூன்ல மூடினாங்க. முதல்ல சொன்னது நாலு மாசம். திறந்தது 2022 ஜனவரியில. ஆள் இல்லாத அந்த நேரத்துல கருந்துடுப்புச் சுறா திரும்பக் கரைக்கே வந்துடுச்சு. இப்ப படகு உள்ள வரக்கூடாது, தீவோட பின்பக்கம் நிறுத்திட்டு நடந்துதான் வரணும். வருஷா வருஷம் ஆகஸ்ட், செப்டம்பர் மூடி வெச்சிடறாங்க.

இதைக் கேட்டதும் ஒரு கோஷ்டி கிளம்பும், "அப்ப எல்லாத்தையும் இழுத்து மூடுங்க"ன்னு. மூடினா அந்தப் படகுக்காரர் வீட்ல அடுப்பு எரியுமா? நம்ம போகாம இருக்கிறதும் சில ஊருக்குத் தண்டனைதான். கோவிட் சமயத்துல சுற்றுலாவை நம்பியிருந்த ஊர்களைக் கேளுங்க, சொல்லுவாங்க.

அதனால இப்பெல்லாம் எங்க போனாலும் நான் ஒரு கேள்விதான் கேக்குறேன். என் காசு யார் கைக்குப் போகுது? பசுமை, இயற்கை, எக்கோன்னு போர்டுல என்ன வேணா எழுதிக்கட்டும். காசு போற வழியைப் புடிச்சிட்டுப் போனா பாதி உண்மை வெளிய வந்துடும்.

நம்ம குடுக்கிற காசு ஊர்ல தங்காம வெளிய போயிடறதுக்கு, பொருளாதாரக்காரங்க 'லீக்கேஜ்'னு ஒரு பேர் வெச்சிருக்காங்க. ஒழுகல்னு வெச்சுக்கலாம். நீங்க ஒரு தீவுக்குப் போறீங்க. ஃப்ளைட் வேற நாட்டுக் கம்பெனி, புக் பண்ண ஆப் இன்னொரு நாட்டுது, ரிசார்ட் முதலாளி மூணாவது நாட்டுக்காரர், அங்க குடிக்கிற ஜூஸ்கூட கப்பல்ல வந்து எறங்குது. எல்லாம் அடங்கின பேக்கேஜ்னா வெளிய காலே வைக்க வேண்டாம். கடைசியில அந்தத் தீவுல தங்குறது என்ன? ரூம் கூட்டுறவங்க சம்பளமும் கொஞ்சம் வரியும். பெரிய க்ரூஸ் கப்பல் இன்னும் மோசம். தூக்கமும் சாப்பாடும் கப்பல்லயே. ஊருக்குள்ள நாலு மணி நேரம் நடந்து, போட்டோ எடுத்துட்டு ஏறிடுவாங்க. வெனிஸ்காரங்க வருஷக்கணக்கா கத்தின பிறகு, 2021 ஆகஸ்ட்ல 25,000 டன்னுக்கு மேல இருக்கிற கப்பல் ஊர் நடுவுல இருக்கிற ஜூதெக்கா கால்வாய்க்குள்ள வரக்கூடாதுன்னு நிறுத்தினாங்க.

காசு சரியான வழியில போனா எப்படி இருக்கும்? ருவாண்டாவைப் பாருங்க. மலைக் கொரில்லா பாக்க ஒரு ஆளுக்கு பெர்மிட் 1,500 டாலர். 2017-ல 750-ல இருந்து அப்படியே ரெண்டு மடங்கு ஏத்தினாங்க. ஒரு குழுவுல எட்டு பேர், பக்கத்துல நிக்க ஒரு மணி நேரம், அவ்ளோதான். ரொம்ப நெருங்கவும் விடமாட்டாங்க, ஏன்னா நம்ம சளி அதுக்கு ஒட்டிக்கும். நமக்கு மூணு நாள் மூக்கு ஒழுகும், அதுக்கு உயிரே போயிடலாம். சளி இருந்தா, பெர்மிட் கையில இருந்தாலும் உங்களை அனுப்ப மாட்டாங்க. அந்த வருமானத்துல சுத்தியிருக்கிற ஊர்களுக்குப் போற பங்கு 5 சதவீதமா இருந்துச்சு, விலையை ஏத்தினப்ப அதை 10 ஆக்கினாங்க. பள்ளிக்கூடம், தண்ணித் தொட்டி, ஆஸ்பத்திரின்னு போகுது. காட்டை ஒட்டி இருக்கிறவங்களுக்கு கொரில்லா உயிரோட இருந்தாதான் லாபம். வனக்காவலர், கால்நடை டாக்டர்னு நிறைய பேர் உழைப்பும் சேந்ததுனாலதான் மலைக் கொரில்லா எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருக்கு.

ஆனா 1,500 டாலர் யார்கிட்டங்க இருக்கு? பணக்காரங்களுக்கு மட்டும் இயற்கையான்னு கேட்டா, எனக்கும் அந்த உறுத்தல் இருக்கு. நான் இன்னும் போனதில்ல. போவேனான்னும் தெரியல.

சரி, என் மானம் போன இன்னொரு கதை. இந்த மலையோட பேரைச் சொல்றேன், ஏன்னா அது உலகத்துக்கே தெரிஞ்ச மலை. ஆப்பிரிக்காவுல, தான்சானியாவுல இருக்கிற கிளிமஞ்சாரோ. போறதுக்கு முன்னாடி ஒரு ட்ரெக்கிங் கம்பெனிகிட்ட மூணு வாரம் வாட்ஸாப்ல பேரம் பேசினேன். பேசிப் பேசிக் கால்வாசி விலையைக் குறைச்சிட்டேன். பெருமையா 'பேரம் பேசுவது எப்படி'ன்னு ஒரு ஷார்ட்ஸ்கூடப் போட்டேன், இருக்கு, போய்ப் பாத்து சிரிங்க.

அங்க ஒரு விதி இருக்கு. ஒரு போர்ட்டர் 20 கிலோவுக்கு மேல சுமக்கக் கூடாது. நுழைவாயில்ல தராசு தொங்கும், ஒவ்வொரு மூட்டையா மாட்டிப் பாத்துத்தான் விடுவாங்க. எங்க குழுவுக்கு அன்னைக்கு பதினோரு போர்ட்டர். நானே கேமராவுல எண்ணினேன். மறுநாள் சாயங்காலம் கேம்ப்ல எண்ணினா ஒன்பது பேர். மிச்ச ரெண்டு பேர் எங்கன்னு கேட்டா ஆளுக்கொரு பதில். தராசைத் தாண்டினதும் ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டு, அவங்க சுமையை மத்தவங்க தலையில ஏத்தியிருக்காங்க. ஒருத்தர் ஷூவோட அடிப்பாகம் பிஞ்சு, கயிறு போட்டுச் சுத்திக் கட்டியிருந்தார். மூட்டைக்குள்ள இருந்தது என் ட்ரைபாட்.

நான் குறைச்ச கால்வாசி விலை முதலாளி பாக்கெட்ல இருந்து வரலைன்னு அப்பதான் மண்டையில ஏறிச்சு. பார்க் கட்டணத்தைக் குறைக்க முடியாது, அது அரசாங்கத்துது. முதலாளி தன் லாபத்தை விடமாட்டார். அப்ப எங்கதான் குறைப்பார்? வரிசையில கடைசியா நிக்கிறவர்கிட்டதான்.

அந்த மலையில போர்ட்டர்களுக்காகவே 2003-ல இருந்து ஒரு அமைப்பு இருக்கு, கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட். எந்தக் கம்பெனி ஒழுங்கா கூலி, சாப்பாடு, கூடாரம் குடுக்குதுன்னு பாத்து ஒரு பட்டியல் வெச்சிருக்காங்க. நான் போகும்போது தேடவே இல்ல. நீங்க தேடுங்க. டிப்ஸ் குடுக்கறதா இருந்தா மொத்தமா ஒருத்தர் கையில திணிக்காதீங்க. எல்லாரும் நிக்கும்போது யாருக்கு எவ்ளோன்னு சத்தமா சொல்லிக் குடுங்க.

ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்கு ஒரு நாள் 'விசிட்' போறது, ரீல்ஸ் எடுக்கறது, அதையும் தயவுசெஞ்சு விட்டுடுங்க. கம்போடியாவுல 2011-ல வெளிவந்த கணக்கெடுப்புல, அந்த இல்லங்கள்ல இருந்த குழந்தைங்கள்ல நாலுல மூணு பேருக்குக் கிட்டத்தட்ட, அப்பாவோ அம்மாவோ உயிரோட இருந்திருக்காங்க. வெளிநாட்டுக்காரங்க பாக்க வர்றாங்கன்னா அங்க குழந்தை தேவைப்படுது. யோசிச்சா வயித்தைக் கலக்குது.

சுற்றுச்சூழல் பத்திப் பேசலையேன்னு கேப்பீங்க. ஹோட்டல் பாத்ரூம்ல ஒரு அட்டை மாட்டியிருக்கும் பாருங்க, 'பூமியைக் காக்க டவலை மறுபடி பயன்படுத்துங்கள்'னு. 'கிரீன்வாஷிங்', அதாவது சும்மா பசுமை வேஷம் போடறது, அந்த வார்த்தையே இந்த அட்டையில இருந்து வந்ததுதான். 1986-ல ஜே வெஸ்டர்வெல்ட்னு ஒரு அமெரிக்கச் சூழலியலாளர் அதைக் கிண்டல் பண்ணி எழுதினப்ப உண்டாக்கின சொல். டவலை நான் மறுபடி உபயோகிக்கிறேன், அதுல தப்பில்ல. ஆனா ஜன்னல் வழியா கீழ பாத்தா மூணு நீச்சல் குளம் தெரியுது.

சன்ஸ்கிரீன் கதையும் கொஞ்சம் இப்படித்தான். ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட்ங்கற ரெண்டு கெமிக்கலும் பவளத்துக்கு ஆகாதுன்னு ஹவாய்ல 2021-ல இருந்து அதெல்லாம் போட்ட சன்ஸ்கிரீனை விக்கக் கூடாது. பசிபிக் கடல்ல இருக்கிற பலாவுங்கற குட்டித் தீவு நாடு அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே தடை போட்டுச்சு. நல்லதுதான். முழுக்கை நீச்சல் சட்டை போட்டா பிரச்சினையே முடிஞ்சுது. ஆனா பவளம் கூட்டம் கூட்டமா வெளுத்துப் போறதுக்குப் பெரிய காரணம் கடல் சூடாகறது. நம்ம பயணத்துல பெரிய புகை ஃப்ளைட். அதனால நான் வருஷத்துக்கு நாலு குட்டி டிரிப்பை ஒரே நீள டிரிப்பா மாத்திட்டேன். வீடியோ கம்மியாச்சு, வியூஸும் கம்மியாச்சு, தெரியும். தண்ணி பாட்டில், துணிப் பை எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடறேன்.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். ஆஸ்திரேலியாவுல உலுரு பாறை. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரங்களான அனங்கு மக்கள் அடிவாரத்துலயே போர்டு வெச்சு, தயவுசெஞ்சு ஏறாதீங்கன்னு ரொம்ப வருஷமா கேட்டாங்க. ஜனங்க அந்த போர்டைத் தாண்டி ஏறினாங்க. 2010-ல பூங்கா நிர்வாகத் திட்டத்துல ஒரு நிபந்தனை எழுதினாங்க: வர்றவங்கள்ல ஏறுறவங்க 20 சதவீதத்துக்குக் கீழ போனா, ஏறறதை நிறுத்திடலாம். கொஞ்சம் கொஞ்சமா ஜனங்க போர்டைப் படிக்க ஆரம்பிச்சாங்க. எண்ணிக்கை கீழ போச்சு. 2019 அக்டோபர் 26-ல நிரந்தரமா மூடிட்டாங்க. 1985-ல அந்த நிலத்தை அவங்ககிட்ட திருப்பிக் குடுத்ததும் அதே அக்டோபர் 26. ஏறாம திரும்பி வந்த ஒவ்வொரு ஆளும் அந்தக் கணக்குல இருக்கார், பாத்துக்கோங்க.

கோவமா கமெண்ட் போட்ட நண்பரே, நீங்க போகக்கூடாதுன்னு நான் சொல்லல. போன வீடியோவுல வந்த ஊர்க்காரங்ககிட்ட, பேர் போடலாமான்னு கேட்டேன். இப்ப வேணாம்னாங்க. அவங்க சரின்னு சொல்ற அன்னைக்கு, தங்க யார் வீட்டைக் கேக்கணும்ங்கற நம்பரோட சேத்து நானே போடறேன்.

அப்புறம் ஒரு அறிவிப்பு. அந்தச் சுனைக்கு மேல இன்னொரு ஊத்து இருக்காம், அங்கதான் யாரும் போறதில்லயாம். ஹோஸை அங்க மாத்தறாங்க. 300 அடி புது பைப் வாங்கியாச்சு, அடுத்த வாரம் தூக்கிட்டுப் போறாங்க. பெரியவர்கிட்ட நானும் வரட்டுமான்னு கேட்டேன். கேமரா இல்லாம வர்றதா இருந்தா வான்னுட்டார். அதனால அடுத்த வாரம் வீடியோ வராது.