வீட்டுச் சமையலறையிலிருந்து விற்பனை: பதிவு எளிது, லேபிளில்தான் கவனம் தேவை

(திரையில்: சமையல் மேடையில் ஆறிக்கொண்டிருக்கும் எலுமிச்சை ஊறுகாய்)

வணக்கம். உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்துவந்த ஊறுகாயை விலைக்கு விற்கத் தொடங்கும் நாளிலேயே, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் பார்வையில் உங்கள் வீட்டுச் சமையலறை ஓர் உணவு வணிக இடமாகிவிடுகிறது. லாபம் வருகிறதா இல்லையா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் விற்பவருக்கும் விலக்கு இல்லை.

சிறு உற்பத்தியாளருக்கு முழு உரிமம் வேண்டியதில்லை, பதிவுச் சான்றிதழ் போதும். 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்த வரம்பு ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்; கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இவை திருத்தப்படக்கூடியவை என்பதால், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவுத் தளமான ஃபோஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் நடப்பு விவரத்தைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண் 2-இல் தொடங்கினால் அது பதிவு, 1-இல் தொடங்கினால் உரிமம்.

(திரையில்: பாட்டிலின் லேபிள், அண்மைக் காட்சி)

பதிவை வாங்கிவிட்டு லேபிளில் கோட்டைவிடுபவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. பொருளின் பெயர், நிகர எடை, தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தொகுதி எண் (ஒரே தடவையில் தயாரித்தவற்றுக்கான ‘பேட்ச்’ எண்), தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பதிவு எண், சைவம் என்பதற்கான பச்சைக் குறி ஆகியவற்றோடு, சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். இவற்றை ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ தருவது கட்டாயம்; தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாமே தவிர, தமிழில் மட்டும் அச்சிட இயலாது என்பது நம் ஊர் வாடிக்கையாளரை நினைத்தால் சற்று விந்தைதான்.

சேர்மானப் பட்டியலில் பலர் கவனிக்காத பொருள் பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாமைப் பொருள் என்பதால், ஊறுகாயில் ஒரு சிட்டிகையே போட்டிருந்தாலும் அதை லேபிளில் தனியே குறிப்பிட வேண்டும். காலாவதித் தேதியைப் பெரிய நிறுவனத்தின் பாட்டிலைப் பார்த்து எழுதுவதும் தவறு. அவர்கள் சேர்க்கும், கெடாமல் காக்கும் பொருளும் மூடியை அடைக்கும் முறையும் நம்மிடம் இல்லாதபோது அவர்களுடைய தேதி நமக்குப் பொருந்தாது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பாட்டிலை எடுத்துவைத்து, அது எப்போது கெடுகிறது என்று எழுதிவையுங்கள்.

(திரையில்: வாழை இலையில் வடை, பக்கத்தில் செய்தித்தாள்)

பலகாரம் விற்பவர்களுக்கு இன்னும் இரண்டு விதிகள். 2018-ஆம் ஆண்டின் பொதியல் விதிமுறைகள் செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டுவதைத் தடுக்கின்றன. அச்சு மை எண்ணெயில் கரைந்து உணவில் இறங்கும். 14.2 கிலோ வீட்டு எரிவாயு உருளை வீட்டுச் சமையலுக்கு மட்டுமே உரியது. விற்பனைக்கு அடுப்பு எரிய 19 கிலோ வணிக உருளைக்குத் தனியே இணைப்பு வாங்க வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்தே முறுக்கின் விலையைக் கணக்கிடுங்கள்.