எப்போது திணறுகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

பெட்ரோல் கார் ஓட்டுபவர்களில் நிறையப் பேருக்கு இது நடந்திருக்கும். சிக்னலில் பச்சை விழுகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள், வண்டி போகாமல் ஒரு குலுக்குக் குலுக்குகிறது. ஒரு கணம் மூச்சு அடைத்ததுபோல் நின்று, அப்புறம் திடீரென்று பாய்கிறது. பின்னால் இருப்பவர் ஹாரன் அடிக்கிறார். இரண்டு நாள் கழித்து, மீட்டருக்குள் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பிக்கிறது.

இந்தத் திணறலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். முப்பது வருடமாகப் பட்டறையில் நான் செய்துவரும் வேலை இது. வண்டியைக் கொண்டுவருபவரிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எப்போது திணறுகிறது? இந்தக் கேள்வியை இன்றைக்கு நாலைந்து தடவை சொல்வேன். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலையை அது முடித்துவிடும்.

ஆனால் பல இடங்களில் நடப்பது வேறு. வண்டி உள்ளே வந்ததும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். அந்தச் சாக்கெட்டை அமெரிக்கா 1996-லும், பெட்ரோல் கார்களுக்கு ஐரோப்பா 2001-லும் கட்டாயமாக்கின. நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஸ்கேனரில் ஒரு குறியீட்டு எண் வரும். ஆக்சிஜன் சென்சார் சம்பந்தப்பட்ட எண் என்றால் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவார்கள். விளக்கு அணையும். ஒரு வாரம் கழித்து மறுபடி எரியும்.

ஏன் அப்படி? அந்த எண் கெட்டுப்போன பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. வண்டியின் கணினி எதைக் கவனித்ததோ அதை மட்டும் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. எப்படி என்று கேட்டால், ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். உள்ளே போகும் காற்றைக் கணினி அளந்து, அதற்கேற்ற பெட்ரோலைத் தெளிக்கிறது. சரியாக எரிந்ததா என்று பார்க்க, புகை போகும் குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. அந்தச் சென்சாருக்குத் தெரிந்தது ஆக்சிஜன் ஒன்றுதான். பெட்ரோல் அதன் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது ஒரு சிலிண்டரில் பிளக் தீப்பொறி விடவில்லை என்று வையுங்கள். அந்தச் சிலிண்டருக்குள் போன காற்று எரியாமல் அப்படியே வெளியே வருகிறது. சென்சார் என்ன சொல்லும்? ஆக்சிஜன் ஏகமாக இருக்கிறது என்று சொல்லும். கணினி அதை நம்பி, பெட்ரோல் போதவில்லை என்று முடிவுகட்டி இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தெளிக்கும். கோளாறு தீப்பொறியில், புகார் பெட்ரோலில், மாற்றப்படுவது சென்சார். உண்மையைச் சொன்ன சென்சாரையே கழற்றிப் போடுகிறோம்.

ஒரு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா கொண்டுவந்தார். எங்களிடம் வருவதற்கு முன் வேறொரு பட்டறையில் ஆக்சிஜன் சென்சாரை இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள். பிளக், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் காயில், ஏர் ஃபில்டர் எல்லாம் புதுசு. திணறல் மட்டும் போகவில்லை. குறியீடு பி0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம்.

எப்போது திணறுகிறது என்று கேட்டேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். தேதி போட்டு எழுதி வைத்திருந்தார்! "நின்று கிளம்பும்போது வருகிறது, தம்பி. ஓவர்டேக் பண்ண அழுத்தி மிதித்தால் வருகிறது. ஒரே வேகத்தில் போனால் இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு நாள்கூட வரவில்லை, எவ்வளவு மிதித்தாலும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் கோளாறைக் காட்டிக்கொடுத்தது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் தன் ரப்பர் மவுண்டுகளின் மேல் ஒரு பக்கமாகச் சாயும். பானெட்டைத் திறந்து வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். முன் கியரில் ஒரு பக்கம் சாய்ந்தால், ரிவர்ஸில் எதிர்ப்பக்கம் சாயும். அப்படியென்றால் எஞ்சின் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் ஏதோ ஒன்று திறந்துகொள்கிறது.

ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் தடித்த ரப்பர் ஹோஸ் ஒன்று உண்டு, துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். மேலே பார்த்தால் புதுசு போல் இருந்தது. அதைக் கழற்றிக் கையில் எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பி, இரண்டு கட்டைவிரலாலும் மடிப்புகளை விரித்தேன். மூன்றாவது மடிப்பின் பள்ளத்தில், விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். கையை விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, இருந்த இடம் தெரியவில்லை. விரித்தால் வாய் திறக்கிறது. உள்விளிம்பில் மெல்லிய தூசுக் கோடு படிந்திருந்தது. எத்தனையோ நாளாக அந்த வழியாகக் காற்றை உறிஞ்சியிருக்கிறது.

காற்றை அளக்கும் சென்சார் ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருக்கிறது. விரிசல் அதைத் தாண்டி இருக்கிறது. அதனால் அந்த வழியாக நுழைந்த காற்று கணக்கிலேயே வரவில்லை. கணினி குறைவான காற்றுக்குக் குறைவான பெட்ரோலைத் தெளித்தது, வண்டி திணறியது. ஆக்சிஜன் சென்சார் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஹோஸை மாற்றினோம், வேறெதையும் தொடவில்லை. அந்த நோட்டு இல்லாவிட்டால் எனக்கு இன்னும் ஒரு நாள் ஆகியிருக்கும்.

எனக்குத் தந்த நேரத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு வண்டிக்கே போய்விட்டது, பரவாயில்லை. நீங்களும் அப்படி ஒரு நோட்டு போடுங்கள் என்பதற்காகத்தான் சொன்னேன். எப்போது திணறுகிறது? காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? மேட்டில் ஏறும்போதா? மழை பெய்தால் மட்டுமா? பெட்ரோல் போட்ட மறுநாளிலிருந்தா?

மேட்டில் ஏறும்போது மட்டும் என்றால் நான் முதலில் பிளக்கையும் காயிலையும் பார்ப்பேன். பிளக்கின் முனையில் ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருக்கிறது. அதைத் தாண்டித் தீப்பொறி பாய 20,000 வோல்ட்டுக்கு மேல்கூட வேண்டியிருக்கும். மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பொறி பாய்வது இன்னும் கஷ்டம். தளர்ந்துபோன காயில் சமதளத்தில் சமாளித்துவிடும், மேட்டில் கைவிட்டுவிடும். மழையில் மட்டும் வந்தாலும் இதே பக்கம்தான் சந்தேகம், ஈரம் பட்டால் மின்சாரம் கசிய வழி கிடைக்கிறது.

எந்தக் காயில் என்று கண்டுபிடிக்கக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. குறியீடு பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் எரியாமல் விடுகிறது, பட்டறை மொழியில் மிஸ் அடிக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு இரண்டாவது காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி, அதோடு கோளாறும் இடம் மாறியிருக்கிறது. மாறவில்லை என்றால் பிளக்கை அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும்.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். குறியீட்டை எழுதி வைக்காமல் அழிக்க விடாதீர்கள். விளக்கு அணைய வேண்டும் என்று பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுகிறார்கள். கோளாறு வந்த நொடியில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, என்ன வேகம், எவ்வளவு சுமை என்றெல்லாம் கணினி குறித்து வைத்திருக்கும். எப்போது திணறுகிறது என்ற கேள்விக்கு வண்டியே எழுதி வைத்த பதில் அது. அதையும் சேர்த்து அழித்துவிடுகிறோம்.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். விட்டு விட்டுச் சிமிட்டினால் அப்படிப் போகாதீர்கள். எரியாத பெட்ரோல் வெளியே வந்து, சைலன்சர் வரிசையில் முன்னால் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று அர்த்தம். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் இருக்கிறது, அது உருகி அடைத்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி, பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். எண்ணெய்க் குவளை வடிவத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், நிறுத்திய கையோடு எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பெட்ரோல் பம்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். ஊருக்குள் ஒழுங்காக ஓடி, நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது மட்டும் வண்டி இழுக்காமல் போனால், பெட்ரோல் அழுத்தத்தைக் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள், ஊகத்தில் பம்பை மாற்ற விடாதீர்கள். லேசாக மிதிக்கும்போது மட்டும் தயங்கினால், எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். திணறலே இல்லாமல் விளக்கு மட்டும் எரிந்தால், பெட்ரோல் டேங்க் மூடியை ஒரு தடவை இறுக்கித் திருகிப் பாருங்கள். காரணம் அதுதான் என்றால், சில நாள் ஓட்டியதும் விளக்கு தானாக அணைந்துவிடும். வணக்கம்.