போனை எடுக்க ஒரு ஆள் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். தலைமை தாங்குற ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னாடி அருமையா பேசி என்னோட நேரத்தையும் சேத்து எடுத்துக்கிட்ட சிறப்பு விருந்தினர் அவர்களுக்கும், ரெண்டு மாசமா விடாம கூப்பிட்டு என்னை இங்க கொண்டு வந்து நிறுத்தின செயலாளர் அம்மாவுக்கும் வணக்கம். மைக் செட் தம்பி, சத்தத்தை கொஞ்சம் கொறைங்க, கத்துது.

பிராண்டு மேல கஸ்டமருக்கு எப்படி ஒட்டுதல் வரும்னு பேசச் சொல்லிருக்காங்க. மூணு விஷயம் சொல்லப்போறேன். ஒண்ணு பாயிண்ட்ஸ், ரெண்டு கஸ்டமர்களை ஒரு கூட்டமா சேக்குறது, மூணு தப்பு நடந்தா எப்படி நடந்துக்கிறது. எங்க பாட்டி சொல்லுவாங்க, ஆடுற மாட்டை ஆடிக் கற, பாடுற மாட்டை பாடிக் கறன்னு. கஸ்டமரை மாடுங்கறேன்னு கோச்சுக்காதீங்க, கறக்கணும்னு நினைக்கிறது நான் இல்ல.

பாயிண்ட்ஸ்! 1981ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பறக்குற மைலுக்கெல்லாம் கணக்கு வெச்சு இலவச டிக்கெட் குடுக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் ஆளாளுக்கு கார்டு, ஆளாளுக்கு ஆப். பக்கத்து கம்பெனிக்காரன் ரெண்டு பாயிண்ட் கூட குடுத்தா ஆள் அங்க போயிடுவான், இதுக்கு பேரு லாயல்டியாம்.

என் வீட்டு கதைய கேளுங்க. ஒரு நாள் ராத்திரி வாஷிங் மெஷின் பாதியில நின்னுபோச்சு, உள்ள தண்ணி, தண்ணிக்குள்ள பையனோட யூனிஃபார்ம், கதவு திறக்கவே மாட்டேங்குது. கம்பெனி நம்பருக்கு போட்டா ஒண்ணை அழுத்து, நாலை அழுத்து, அப்புறம் பாட்டு, பாட்டு முடிஞ்சா "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்", மறுபடி அதே பாட்டு. சரின்னு சாட்ல போனா, "உங்க உணர்வு புரியுது"ன்னு ஒரு ரோபோ. எனக்கே புரியல, அதுக்கு எப்படி புரிஞ்சுது? நான் இப்படி பல்லைக் கடிச்சிட்டு நிக்கிறப்போ அதே கம்பெனிலேருந்து மெசேஜ் வருது, இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்னு! பொண்டாட்டி சிரிக்கிறா, எனக்கு சிரிப்பு வரல.

ஒருவழியா ஒரு பொண்ணு எடுத்துச்சு. "சார், மெஷினுக்கு கீழ முன்னாடி சின்ன மூடி இருக்கா? பக்கத்துல ஒரு தட்டும் துணியும் வெச்சுக்கோங்க. மெல்ல திருகுங்க, முழுசா கழட்டிடாதீங்க"ன்னுச்சு. தண்ணி வடிஞ்சுது, ஃபில்டர்ல ஒரு ஹேர்பின், கொஞ்ச நேரத்துல கதவு டக்குனு திறந்துச்சு. மறுநாள் அதே பொண்ணு கூப்பிட்டு, "யூனிஃபார்ம் காஞ்சுதா சார்?"ன்னு கேட்டுச்சு பாருங்க! அடுத்த மெஷினும் அந்த கம்பெனிதான் வாங்கினேன். பாயிண்ட்ஸுக்கா வாங்கினேன்? ஆடுற மாட்டை ஆடிக் கறக்கத் தெரிஞ்ச பொண்ணு அது.

1985 ஏப்ரல்ல கோகோ கோலா ருசிய மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு 400 போன் வந்துட்டு இருந்த இடத்துல ஜூன்ல 1,500 போன், எல்லாம் திட்டு. 79 நாள்ல பழைய ருசிய திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க. அத்தனை பேரையும் பாட்டு கேட்டுட்டே இருங்கன்னு விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? 1982ல அமெரிக்காவுல சிகாகோ பக்கம் டைலனால்ங்கற வலி மாத்திரைல யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் செத்தப்போ, அந்த கம்பெனி சுமார் 3 கோடி பாட்டிலை திரும்ப எடுத்துச்சு, அதோட பயந்துபோன ஜனங்க பேச இலவச போன் லைனும் தொறந்துச்சு. இதுதான் அந்த மூணாவது விஷயம்னு வெச்சுக்கோங்க. ரெண்டாவதை...

சீட்டு வந்துடுச்சு. தலைவர் ஐயா மணியையும் பாக்குறார், என்னையும் பாக்குறார். ரெண்டாவதை இன்னொரு கூட்டத்துல வெச்சுக்கலாம். இங்க கம்பெனி நடத்துறவங்க நிறைய பேர் உக்காந்திருக்கீங்க, இன்னைக்கு ராத்திரி பேர் சொல்லாம உங்க கம்பெனி நம்பருக்கே ஒரு போன் போடுங்க, எத்தனை நிமிஷத்துல ஆள் எடுக்குறாங்கன்னு எண்ணுங்க. வாசல்ல என் பொண்ணு நோட்டு வெச்சிட்டு உக்காந்திருக்கா, எந்த மெனுவா இருந்தாலும் முதல் பட்டன் ஆளோட பேசுறதுக்குத்தான் இருக்கணும்னு கேட்டு கையெழுத்து வாங்குறோம். பேனா ஒண்ணுதான் இருக்கு, முட்டிக்காம வரிசையா போங்க.