புதுப்பள்ளியும் உம்மன் சாண்டியும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரே தொகுதியில் பன்னிரண்டு முறை நின்று, பன்னிரண்டு முறையும் ஜெயித்தவர் காங்கிரஸ்காரரான கேரள முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டி. கோட்டயம் மாவட்டத்துப் புதுப்பள்ளிதான் அந்தத் தொகுதி. 1970இல் முதல் தேர்தலைச் சந்தித்தபோது அவருக்கு வயது 26. தொகுதியைக் கையில் வைத்திருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் இ. எம். ஜார்ஜை 7,288 வாக்குகளில் தோற்கடித்தார். அப்புறம் 2023 ஜூலையில் கண்மூடும்வரை புதுப்பள்ளிக்கு வேறு எம்.எல்.ஏ. கிடையாது. 1980இல் காங்கிரஸிலிருந்து பிரிந்த ஏ. கே. அந்தோணி அணியோடு சேர்ந்து இடதுசாரிகள் பக்கம் நின்றார். 1982இல் இடதுசாரிகளுக்கு எதிராக நின்றார். இரண்டிலும் வெற்றிதான்.

காரணம் கேட்டால் ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வார்கள். அன்று காலையில் அவருடைய வீட்டு முற்றத்தில் நிற்க இடமிருக்காது. ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, இன்னொருவருக்கு மகனின் வேலை, மற்றொருவருக்கு வழித் தகராறு. மனுவை வாங்கி, நின்றபடியே படித்து, அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். முதல்வரான பிறகும் இந்த வழக்கத்தை விடவில்லை. இதையே மாநிலம் முழுக்க விரித்ததுதான் அவருடைய மக்கள் தொடர்பு நிகழ்ச்சி. 2013இல் அதற்கு ஐ.நா.வின் பொதுச்சேவை விருது கிடைத்தது.

கிராம அலுவலர் பார்க்க வேண்டிய வேலையை முதல்வர் ஏன் பார்க்கிறார் என்று எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் அலுவலகப் படியேறி அலுத்துப்போனவருக்கு, தன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு மனிதர் இருப்பது சாதாரண விஷயமில்லை. நான் அப்படி மனுவோடு வந்தவர்கள் பக்கம்தான்.

2021இல் அவரை திருவனந்தபுரம் மாவட்டத்து நேமம் தொகுதிக்கு மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. தொண்டர்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கூரைமேல் ஏறி, குதித்துவிடுவேன் என்று மிரட்டினார். புதுப்பள்ளியை விட்டுப் போகமாட்டேன் என்று உம்மன் சாண்டி வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு பாசம் இருந்தும், அந்தத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஜெய்க் சி. தாமஸைவிட அவர் கூடுதலாகப் பெற்றது 9,044 வாக்குகள்தான். 2011இல் வித்தியாசம் 33,255. தொகுதியின் எட்டுப் பஞ்சாயத்துகளில் ஆறு 2021இல் இடதுசாரிகள் கையில் இருந்தன. புதுப்பள்ளியைக் காங்கிரஸ் கோட்டை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பஞ்சாயத்துக்கு ஒரு கட்சி, சட்டமன்றத்துக்கு உம்மன் சாண்டி என்று பிரித்துப் பார்த்து வாக்களிக்கத் தெரிந்த மக்கள் அவர்கள்.

அவர் இறந்தபோது, உடலைக் கொண்டுவந்த வழியில் திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம் வரை சாலையோரம் முழுக்கக் கூட்டம்; சில மணி நேரப் பயணத்துக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதவில்லை. அந்தச் செப்டம்பரில் நடந்த இடைத்தேர்தலில் மகன் சாண்டி உம்மன் அதே ஜெய்க்கை 37,719 வாக்குகளில் வென்றார். தந்தை ஒருநாளும் தொடாத வித்தியாசம் அது. அதில் பெரும்பகுதி தந்தைக்காக விழுந்த வாக்கு என்றே நான் நினைக்கிறேன். நன்றி, வணக்கம்.