அரைப் புள்ளி

வணக்கம் நேயர்களே. முடிவைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். 2025 மே மாதம், அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில், உலகின் மிக வலிமையான மனிதர் போட்டி. தென்னாப்பிரிக்காவின் ரேனோ நெல் முதலிடம். ஏற்கெனவே மூன்று முறை பட்டம் வென்ற ஸ்காட்லாந்துக்காரர் டாம் ஸ்டோல்ட்மன் இரண்டாமிடம். இருவருக்கும் வித்தியாசம் அரைப் புள்ளி!

எடை தூக்குவதில் அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது? இறுதிச் சுற்றில் பத்துப் பேர். ஒவ்வொரு பந்தயத்திலும் முதல்வருக்குப் பத்துப் புள்ளி, கடைசி ஆளுக்கு ஒன்று. இரண்டு பேர் சமமாக வந்துவிட்டால் அந்த இரண்டு இடத்துப் புள்ளிகளையும் கூட்டி ஆளுக்குப் பாதி. ஆகவே ஒன்றில் அசத்திவிட்டு இன்னொன்றில் கோட்டைவிட்டால் பட்டம் கைநழுவும். எதிலும் சறுக்காதவருக்கே கோப்பை. 1977இல் தொடங்கிய இந்தப் போட்டியில், முதல் முறை வந்தபோதே பட்டத்தை வென்ற நெல்தான் ஆப்பிரிக்காவின் முதல் சாம்பியன்.

எனக்குப் பிடித்தது கல். கடைசிப் பந்தயம் பெரும்பாலும் கல்தான். உருண்டைக் கற்கள் வரிசையாக நிற்கும். ஒன்றைவிட ஒன்று கனம். கடைசிக் கல் 200 கிலோவைத் தொடும். இருபத்தைந்து கிலோ அரிசிப் பை எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்கியவர். "மூட்டைக்குக் காது உண்டுடா, பிடிச்சுக்கலாம்" என்பார். கல்லுக்குக் காது கிடையாது. முன்கையெல்லாம் பிசின் பூசிக்கொண்டு, குனிந்து, கல்லை அணைத்து மடிக்கு இழுக்கிறார்கள். மடியில் வைத்து ஒரு மூச்சு. பிறகு கையை மேலே மாற்றிப் பிடித்து, இடுப்பை ஒரே உந்து; கல் நெஞ்சில் ஏறி மேடையில் உருள்கிறது. அந்த ஒரு மூச்சைப் பாருங்கள் நேயர்களே, அந்த மடி மூச்சை. ஆட்டம் அங்கேதான் இருக்கிறது.

இது தொலைக்காட்சிக்காகக் கண்டுபிடித்த விளையாட்டல்ல. ஐஸ்லாந்தின் மேற்கே ஒரு கடற்கரையில் நான்கு கற்கள் கிடக்கின்றன: 154, 100, 54, 23 கிலோ. பெரியதன் பெயருக்கு முழு வலிமை என்று பொருள். அடுத்தது அரை வலிமை. மீன்பிடிப் படகில் வேலை கேட்டு வந்தவன் குறைந்தது 54 கிலோ கல்லையாவது இடுப்பளவுப் பாறைமேல் வைக்க வேண்டும். முடியாதவனுக்குப் படகில் இடமில்லை. அலையில் துடுப்புப் போடுவது அவ்வளவு கடினம்! அதே நாட்டின் ஹூசாஃபெல் ஊரில் பழைய ஆட்டுப்பட்டி ஒன்று. அதன் வாசலை அடைக்க வைத்த 186 கிலோ கல்லை நெஞ்சோடு அணைத்தபடி பட்டியைச் சுற்றி வருவது இன்றும் வீரர்களின் ஆசை. நம் ஊர்களில் இளவட்டக்கல் கிடக்கிறதே, அதைத் தோளுக்குமேல் தள்ளிய தாத்தாக்களிடம் கேளுங்கள், மடி மூச்சு என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், 2025இல் அரைப் புள்ளியில் தவறவிட்ட ஸ்டோல்ட்மனை மறந்துவிடாதீர்கள். கல்லில் அவர் மன்னர். சிறு வயதிலேயே ஆட்டிசம் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர். அதை மறைக்காமல் மேடைதோறும் பேசுகிறார். அண்ணன் லூக்கும் இதே போட்டிகளில் இறங்குபவர்.

நேரம் முடிகிறது என்று கையைக் காட்டுகிறார்கள். பெண்கள் போட்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். 2021இல் வென்ற வேல்ஸ் நாட்டு ரெபெக்கா ராபர்ட்ஸின் பெயரையாவது குறித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.