இலக்கிய விருது ஒரு நூலுக்கா, வாழ்நாள் பணிக்கா? வாழ்நாள் பணிக்கே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"நல்ல நூல் வந்த சூட்டோடு பரிசு கொடுங்கள், வாழ்நாள் விருது என்பது ஆள் ஓய்ந்தபின் போர்த்தும் சால்வை" என்று எதிரணித் தலைவர் பேசிக் கைதட்டல் வாங்கிவிட்டார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2001 முதல் வழங்கிவரும் இயல் விருதைப் பாருங்கள். வாழ்நாள் சாதனைக்கான விருது. எந்த நாட்டவரும் பெறலாம். 2011இல் எழுத்தாளர் எஸ்.ராமகிருஷ்ணனுக்குக் கொடுத்தார்கள். அவர் பிறந்தது 1966. 2014க்கான விருது ஜெயமோகனுக்கு. அவருடைய ‘வெண்முரசு’ நாவல் தொடர் அதன்பிறகும் ஓடி 2020இல்தான் முடிந்தது. ஓய்ந்தவர்களா இவர்கள்?

சரி, அதைக்கூட விடுங்கள். நூலுக்குத்தான் பரிசு என்றால், நூலாசிரியர் பட்டியலில் வராதவர்களை என்ன செய்வீர்கள்? இலங்கைத் தமிழ் நூல்களைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர், அடுத்தவர் எழுத்தைப் பதிப்பித்துப் பரப்புவதிலேயே ஆயுளைக் கழித்தவர் இ.பத்மநாப ஐயர். அவருக்கு 2004இல் இயல் விருது. 2015க்கான விருது மயூரநாதனுக்கு. கட்டடக் கலைஞரான அவர் 2003இல் தொடங்கித் தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்தார். ஆயிரக்கணக்கான கட்டுரைகள்! ஒன்றின் தலையிலாவது ஆசிரியர் பெயர் இருக்கிறதா? எந்த அட்டையைப் பார்த்து அவருக்குப் பரிசு கொடுப்பீர்கள், ஐயா?

இன்னொருவர் உழைப்பைப் பார்க்க, கரூர்ப் பக்கம் புகலூர் ஆறுநாட்டார் மலைக்குப் போங்கள். சமணத் துறவி படுக்கப் பாறையில் வெட்டிய படுக்கை. அருகே தமிழின் பழைய வரிவடிவமான தமிழ் பிராமி எழுத்துகள். ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை அந்தக் கல்லில் இருக்கிறது. இவர்கள் பதிற்றுப்பத்து என்ற சங்க நூலில் பாடப்பட்ட சேரர் குடி என்று 1965இல் கண்டு சொன்னவர் கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன். அரசு வேலை பார்த்துக்கொண்டே குகை குகையாக ஏறிப் படியெடுத்தார். பழந்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெருநூல் வந்தது 2003இல்! சங்கப் பாட்டுக்குக் கல்லிலே சாட்சி தேடித்தந்த உழைப்பு அது. இடைப்பட்ட பெரும்பாலான ஆண்டுகளில் எதிரணியினரின் விருதுக் குழு அவரை எந்த வரிசையில் உட்கார வைத்திருக்கும்? ‘இந்த ஆண்டு வெளியீடு எதுவும் இல்லை’ என்று திருப்பி அனுப்பியிருக்கும். இயல் விருதுக் குழு 2009இல் அவரைக் கூப்பிட்டு, அந்த முழு உழைப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

நடுவர் அவர்களே, நூலுக்குப் பரிசு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது அந்த ஆண்டு வந்ததை மட்டும் பார்க்கிறது என்கிறோம். தீர்ப்பு எழுதுமுன் எதிரணியினரிடம் ஒன்று கேளுங்கள்: மயூரநாதனுக்கு உங்கள் விதிப்படி எந்த ஆண்டு, எதற்காகக் கொடுப்பீர்கள்? பதிலைக் கேட்டபின் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.