சேலத்துக்காரர் கேட்ட கேள்வி

(சேலத்தில் நூலக வார விழாக் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற கிளை நூலகர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும், இடமில்லாமல் பின்னால் நின்று கேட்கிற போட்டித் தேர்வுத் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

'நூலகர்கள் பரிந்துரைக்கும் புத்தகங்கள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சிலர் நோட்டும் பேனாவுமாக வந்திருக்கிறீர்கள். புத்தகப் பெயர்கள் சொல்கிறேன். அதற்கு முன்னால் நம் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1880 அக்டோபர் மாதம். கும்பகோணத்துக்கு முன்சீப்பாக, அதாவது சிவில் வழக்கு நீதிபதியாக, வந்திருந்தார் சேலம் இராமசாமி முதலியார். அந்த ஊர்க் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த உ.வே.சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போகிறார். அப்போது ஐயருக்கு 25 வயது. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் மலர்ச்சி இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? எதுவும் இல்லை. முதலியார் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தன்னிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 1887இல் ஐயர் பதிப்பித்த சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இதெல்லாம் உ.வே.சா. 'என் சரித்திர'த்தில் அவரே எழுதி வைத்திருப்பது.

முதலியார் முதலில் கேள்வி கேட்டார். பிறகு புத்தகத்தைக் கையில் கொடுத்தார். முப்பது வருஷம் கவுண்ட்டரில் உட்கார்ந்த எனக்கு, நூலகர் வேலை முழுவதும் இந்த இரண்டில் அடங்கிவிடுகிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. தேதி முத்திரை குத்துவது இந்த ஐந்தில் ஒன்றாகக் கூட இல்லை.

நான் இதைத் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன். ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் துப்பறியும் கதையாக எடுத்துப் போவான். அவனை உயர்த்திவிட வேண்டும் என்ற ஆசையில் ஒருநாள் அந்தத் தடித்த 'என் சரித்திர'த்தையே கொடுத்தனுப்பினேன். மடிப்புக்கூட விழாமல் திரும்பி வந்தது. அப்புறம் ஆறு மாதம் அந்தப் பிள்ளை நூலகப் பக்கமே வரவில்லை. அவனிடம் நான் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. துப்பறியும் கதை படிக்கிறவரை ஒரு படி கீழே வைத்துப் பார்க்காதீர்கள். ஒரே மூச்சில் படித்து முடிக்கிற பழக்கம் அங்கேதான் வருகிறது.

கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு அம்மா, மகளுக்காகப் படக்கதை எடுக்க வருவார். "உங்களுக்கு ஒண்ணு எடுங்களேன்" என்றால், "எங்க மேடம், தண்ணி பிடிக்கவே ராத்திரி பன்னெண்டு ஆகுது" என்றார். அவர் கையில் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைக் கொடுத்தேன். சென்னையில் ஒரு தெருவே குடத்தோடு அலைகிற கதை. சின்னப் புத்தகம். குழாயடியிலேயே படித்து முடித்ததாகச் சொன்னார். கதையில் வரும் ஜமுனா கடைசியில் என்ன ஆவாள் என்று என்னிடம் சண்டைக்கே வந்தார். அன்றைக்கு முழுவதும் எனக்குப் பசிக்கவில்லை.

ஏற்காட்டில் சில வருஷம் இருந்தேன். காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் நாட்களில் சாயங்காலம் ஆள் வரத்தே இருக்காது. அந்த மலையில் ஒரு இளைஞன், அம்மா தோட்டத்துக் கூலி, தேர்வுப் புத்தகம் தவிர எதையும் தொடமாட்டான். "உங்க அம்மா வேலையைப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களான்னு பார்க்கலாமா?" என்று கேட்டு, 'எரியும் பனிக்காடு' கொடுத்தேன். ஆனைமலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வந்த நாவல். தமிழில் இரா.முருகவேள். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் பேச்சை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிப் போகிறவர்களின் கதை. அவன் ராத்திரியில் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்திருக்கிறான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அந்த அம்மாவே வந்தார். "செடிதாங்க வேற. மேஸ்திரி அதே மேஸ்திரிதான்" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர் சொன்ன மதிப்புரை அது. அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்க மாட்டேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் சு.தியடோர் பாஸ்கரனின் சுற்றுச்சூழல் கட்டுரைகளைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு அழ.வள்ளியப்பாவின் பாட்டுகள், கையில் கொடுத்தால் போதாது, நீங்களே பாடிக் காட்டுங்கள். உழைப்பாளிகளின் வாழ்க்கை கதையாக வேண்டுமென்றால் தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்'. தேர்வுத் தம்பி தங்கைகளே, குறிப்பேடு மூடியபின் தினம் பத்துப் பக்கம், தேர்வில் வராத ஏதாவது ஒன்று. இது கெஞ்சலாகவே கேட்பது.

என் கூடப் பணியாற்றிய தோழர்களே, உங்களுக்கு ஒன்று. வாசல் பக்கத்து அலமாரியில் ஒரே ஒரு தட்டைக் காலி செய்யுங்கள். நீங்கள் படித்த புத்தகத்தை மட்டும் அங்கே வையுங்கள். இது யாருக்குப் பிடிக்கும், எந்தப் பக்கத்தில் சூடு பிடிக்கும் என்று உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதிச் செருகுங்கள். படிக்காததைப் பரிந்துரைக்காதீர்கள், வாசகர் இரண்டாவது தடவை நம்பமாட்டார். புத்தகம் திரும்பி வரும்போது எப்படி இருந்தது என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்றும் கேளுங்கள். அந்தப் பதிலில்தான் அவருக்கான அடுத்த புத்தகம் இருக்கும்.

அந்தத் துப்பறியும் கதைப் பையன் ஆறு மாதம் வரவில்லை என்றேனே, திரும்பி வந்தபோதுதான் அவனுக்கு என்ன பிடிக்கும் என்று முதன்முறையாகக் கேட்டேன். பூட்டு எப்படித் திறக்கும், விஷம் எப்படி வேலை செய்யும், அதுதான் பிடிக்கும் என்றான். பெ.நா.அப்புசாமியின் அறிவியல் கட்டுரைகளை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரமே வந்து இன்னொன்று கேட்டான்.

வெளியே மேசையில் வெற்றுச் சீட்டுகள் வைத்திருக்கிறோம். கடைசியாக உங்களைத் தூங்கவிடாமல் செய்த புத்தகத்தின் பெயரை எழுதிப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.